பல் முளைக்கும் மாதம்

இங்கிலாந்தின் ஆலை நகரமான ஹாடர்லியில் ஆகஸ்டு வந்தால் குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்; பல் முளைத்தால் குழந்தைகள் சாகும். இதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. டாக்டர் கார்ஃபோர்த் சான்றுச் சீட்டில் 'பல் முளைத்தல்' என்று எழுதி, கையெழுத்தின் அடியில் ஒரு சுழி போடுவார். பிறப்பு இறப்புப் பதிவாளர் சைலஸ் ஹோல்ராய்ட் அதைப் பதிவேட்டில் அழகாக ஏற்றுவார். பிறகு கல்லறைத் தோட்டத்தில் சின்னதாக ஒரு குழி வெட்டுவார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

சைலஸின் கையெழுத்து அந்த வட்டாரத்தில் பேர் போனது. எழுதப் படிக்கத் தெரியாத நூற்பாலைக்காரி ஒருத்தி, தன் மகளின் சாவை அவர் எழுதி முடித்ததும் எட்டிப் பார்த்து, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு ஐயா" என்றாள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லவும் செய்தார்.

அலுவலகத்தில் ஒரே மேசை. இடப்பக்கம் பிறப்பு, வலப்பக்கம் இறப்பு. மேசைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. அதில் வைக்கோலுக்கு நடுவே பால்புட்டிகள். படகு போலத் தட்டையான கண்ணாடிப் புட்டி, அதன் வாயிலிருந்து நீளமாக ஒரு ரப்பர் குழாய், குழாயின் நுனியில் எலும்பில் கடைந்த வளையமும் காம்பும். புட்டியைத் தொட்டிலில் வைத்து, காம்பைக் குழந்தையின் வாயில் செருகிவிட்டால் போதும். அது பாட்டுக்கு நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். தாய்க்காரி ஆலைக்குப் போய்விடலாம். பிறப்பைப் பதிய வரும் ஒவ்வொரு தாய்க்கும் நகரசபையின் அன்பளிப்பாக ஒன்று. புட்டியின் மேல் நகரசபை முத்திரையும் அதற்குக் கீழே ஆல்டர்மன் க்ரௌதரின் பெயரும் பொறித்திருக்கும். முத்திரையைவிடப் பெயர் கொஞ்சம் பெரிது.

ஆல்டர்மன் என்றால் நகரசபையின் மூத்த உறுப்பினர்; க்ரௌதர் அதன் சுகாதாரக் குழுவுக்கும் தலைவர். கண்ணாடித் தொழிற்சாலையின் முதலாளியும் அவர்தான். முதலாளி செய்த புட்டியைத் தலைவர் வாங்கினார். தலைவர் வாங்கியதற்காக முதலாளி நன்றி தெரிவித்து விருந்து வைத்தார். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிறைச்சி சாப்பிட்டார்கள். அந்த விருந்தில்தான், "முலைப்பால் இயற்கை, குழாய்ப்பால் நாகரிகம்" என்று அவர் அருளியது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கடைசிவரை தட்டியவர் சைலஸ்.

சைலஸின் மகன் எட்வின் அப்போது தொட்டிலில்தான் கிடந்தான். மனைவி செலினா முதல் சில வாரங்கள் தானே பால் கொடுத்தாள். ஒருநாள் தேநீருக்கு வந்த க்ரௌதரின் மனைவி, "நீயேவா கொடுக்கிற? ஐயோ பாவம்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். மறுநாள் தொட்டிலுக்குள் நாகரிகம் வந்து சேர்ந்தது. எட்வினும் குழாயைப் பிடித்துக்கொண்டு பெரிய மனிதன் சுருட்டுப் பிடிப்பதைப் போல உறிஞ்சினான்.

ஊரில் மற்றவர்களுக்குப் பல் பயம் வரும், போகும். சைலஸுக்கோ அது தொழில். கோடை முழுவதும் அந்த இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதிய விரல்களோடு அவர் வீட்டுக்கு வருவார். வந்ததும் மகனின் வாயைத் திறந்து ஈறைத் தடவிப் பார்ப்பார். வழவழப்பாக இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். ஆகஸ்டின் புழுக்கத்தில் ஒரு காலை, கீழ் ஈறின் நடுவில் மணல் பருக்கை போல ஏதோ விரலில் நெருடியது. தந்தைமார் சந்தோஷப்படுகிற விஷயம். சைலஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று செலினா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?"

"புழுக்கம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஓர் எண்ணம்.

அன்றைக்கு வலப்பக்கத்துக்கு முதலில் வந்தவள் சிண்டர் சந்திலிருந்து மார்த்தா பில்லிங். நூற்பாலையில் வேலை. தலையில் பஞ்சுத் தூசி இன்னும் ஒட்டியிருந்தது. அவள் மகன் டாமி செத்துப்போயிருந்தான். டாக்டர் சீட்டை மேசைமேல் வைத்தாள். சுழி போட்ட கையெழுத்து.

வழக்கமாக சைலஸ் எதுவும் கேட்கமாட்டார். இன்றைக்கு வாய் தானாகக் கேட்டது: "பல்லு வெளிய வந்திருந்துச்சாம்மா?"

"இல்லீங்க ஐயா. அதான் எனக்கும் புரியல. வயித்தால போச்சு, குடிச்சதெல்லாம் வாந்தி. அப்புறம் கண்ணு உள்ள போயிருச்சு. அழுதா கண்ணுல தண்ணியே வரல. டாக்டரு வாயைத் திறந்து பாத்தாரு. நான் பாத்தேன், ஒண்ணும் தெரியல. கேட்டதுக்கு, உள்ளாற இருக்கிற பல்லுதாம்மா ரொம்ப மோசம்னுட்டாரு."

சைலஸின் பேனா நின்றது. வெளியே வந்த பல்லையாவது கண்ணால் பார்க்கலாம். உள்ளே இருப்பதை என்ன செய்வது?

"கடைசிவரைக்கும் நீங்க குடுத்த புட்டியத்தான் ஐயா கையில புடிச்சிருந்தான். புடுங்கவே முடியல" என்றாள் மார்த்தா. பிறகு கொஞ்சம் தயங்கி, "அதைத் திருப்பிக் குடுத்துரணுமா? இல்ல, அடுத்ததுக்கு வச்சுக்கலாமா? பனிக்காலத்துல ஒண்ணு பொறக்கும்" என்று வயிற்றில் கைவைத்தாள்.

"வச்சுக்கங்கம்மா. அன்பளிப்புதானே" என்றார் சைலஸ், தாராளமாக.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பும் நேரத்தில் எட்வின் வாந்தி எடுத்தான். பிறகு வயிற்றோட்டம். துணியை மாற்ற மாற்ற நனைத்தான். செலினா புட்டியை அவன் வாயில் வைத்தாள். தாகத்தில் ஆவலாக உறிஞ்சினான். மறுபடி எல்லாம் வெளியே வந்தது. மத்தியானத்துக்குள் அழுகை மெலிந்து பூனைக்குட்டியின் சத்தம்போல் ஆகிவிட்டது. ஈக்கள் உதட்டில் உட்கார்ந்தபோது அவன் முகத்தைத் திருப்பவில்லை. சைலஸ் குனிந்து மகனின் கண்ணைப் பார்த்தார். அது உள்ளே போகத் தொடங்கியிருந்தது. மார்த்தா சொன்னது ஒவ்வொன்றாக, அதே வரிசையில், அவர் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் கார்ஃபோர்த் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தார். தொப்பை முதலில், கைத்தடி அடுத்து, கடைசியாக டாக்டர். மூக்கை உயர்த்திக் கூடத்தை முகர்ந்தார். ஊரில் உள்ள நோயெல்லாம் இரண்டு வழியாக வருகிறது என்பது அவர் முடிவு: பெரியவர்களுக்கு நாற்றத்தின் வழியாக, குழந்தைகளுக்குப் பல்லின் வழியாக.

"நாத்தம் ஒண்ணும் இல்ல. அப்போ பல்லு" என்றார். "பதறாதேயும் ஹோல்ராய்ட். ஈறைக் கீறி வழி விட்டுட்டா அது பாட்டுக்கு வந்துரும்."

"கீறினா பிழைச்சுக்குவானா டாக்டர்?"

"பிழைக்கிறவன் பிழைப்பான்யா. என்ன கேள்வி கேக்கிறீர், நீர்தானே எல்லாத்தையும் எழுதறவர்?"

கீறிய குழந்தைகளின் சாவையும் சைலஸ்தான் எழுதியிருந்தார். டாக்டர் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்துக் கைக்குட்டையில் ஒருமுறை துடைத்தார். செலினா தலையைப் பிடித்துக்கொள்ள, எட்வினின் வாயில் சிலுவை போல ஒரு கீறல். குழந்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் போன பிறகு சைலஸ் தொட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டார். பயந்த மனிதனின் மூளை என்னென்னவோ முடிச்சுப் போடும். அவருடையது ஒரு முடிச்சுப் போட்டது. ஈறில் கீறல் எங்கே? கீழ் நடுவில். புட்டிக் காம்பின் எலும்பு வளையம் எங்கே அழுத்துகிறது? அதே இடத்தில். எலும்பு எலும்பைக் கூப்பிடுகிறது! வளையம் தேய்க்கத் தேய்க்க, உள்ளே தூங்குகிற பல் நேரத்துக்கு முன்பே எழுந்து வருகிறது. அதுவே அவருக்குப் போதுமான விஞ்ஞானமாக இருந்தது. பாய்ந்து காம்பை மகனின் வாயிலிருந்து பிடுங்கினார்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்று செலினா கத்தினாள். "பிள்ளை காய்ஞ்சு போய்க் கிடக்கு, இருக்கிற ஒண்ணையும் புடுங்கறீங்க?"

"இது பல்லை இழுக்குது."

"பால் குடுக்கணுமே, எதுல குடுக்கிறது? என்கிட்டதான் எப்பவோ வத்திப் போச்சே."

கரண்டியில் கொடுத்துப் பார்த்தார்கள். கடைவாயில் வழிந்தது. சைலஸ் கோட்டுகூடப் போடாமல் பின் சந்துக்கு ஓடினார். பதிவாளர் கோட்டு இல்லாமல் தெருவில் ஓடியதை ஹாடர்லி முதல்முறையாகப் பார்த்தது.

பின் சந்தில் ஹானோரா டஃபி என்ற ஐரிஷ்காரி துணி வெளுத்துப் பிழைத்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கொழுகொழுவென்று. சைலஸ் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெரிய வீட்டுப் பிள்ளைக்கு என் பாலா? ஆல்டர்மன் புட்டி என்னாச்சு ஐயா?"

"அது வேணாம். நீ வாம்மா, கெஞ்சிக் கேக்கிறேன்."

"போன வருசம் இவனைப் பதிய வந்தப்போ எனக்கும் ஒரு புட்டி குடுங்கன்னு கேட்டேன். பெட்டி காலின்னீங்க. வைக்கோலுக்கு மேல மினுக்மினுக்னு தெரிஞ்சுது. எனக்கும் கண்ணு இருக்குல்ல?"

ஐரிஷ் சந்துகளில் அன்பளிப்பை வீணாக்க வேண்டாம் என்பது க்ரௌதர் வாய்மொழியாகச் சொன்ன உத்தரவு. சைலஸ் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, அழாதீங்க. பாக்க நல்லாவா இருக்கு" என்று ஹானோரா தன் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

செலினா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஹானோரா அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "ஏம்மா, உங்க சோபாவுல உக்காரலாமா, இல்ல அதுக்கும் பதிவு பண்ணணுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். எட்வின் முதலில் வாய் வைக்கவில்லை. அவள் பாலைப் பீய்ச்சி அவன் உதட்டில் தடவினாள், மறுபடி தடவினாள். கடைசியில் அவன் கன்னம் லேசாக அசைந்தது. அறையில் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது ஹானோரா ஒரு சின்னத் துணிப்பையை அவன் கழுத்தில் கட்டினாள். உள்ளே கழுதையின் முதுகு மயிர். பல்லுக்கு அதைவிடக் கைகண்ட மருந்து கிடையாதாம்.

அவள் ஒவ்வொரு வேளையும் வந்தாள். வாந்தி நின்றது. வயிற்றோட்டமும் நின்றது. ஒரு காலையில் எட்வின் அழுதபோது கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. சைலஸ் அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. வாழ்க்கையில் அவர் அவ்வளவு ருசியான எதையும் சாப்பிட்டதில்லை. அந்த வாரக் கடைசியில் பல்லும் வந்தது, வெள்ளையாக, ஒரு பாவமும் அறியாததுபோல். டாக்டர் வந்து தன் கத்தியைப் பாராட்டிவிட்டுப் போனார். ஹானோரா கழுதையைப் பாராட்டினாள். சைலஸ் மனதுக்குள் தன்னைப் பாராட்டிக்கொண்டார்.

அந்தப் பெருமிதத்தில்தான், குற்றவாளி வளையத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்தலாம் என்று புட்டியை எடுத்தார். வளையம் வரவில்லை. பேனாக்கத்தியால் குழாயை நீளவாட்டில் கிழித்தார்.

உள்ளே ரப்பரின் நிறமே தெரியவில்லை. கறுப்பும் பச்சையுமாகக் கொழகொழவென்று ஏதோ சுவரெல்லாம் படர்ந்திருந்தது. நடுவே தயிர்போல் திரண்ட கட்டிகள். ஒரு கட்டியில் வெள்ளையாக எதுவோ நெளிந்தது. பிறகு நாற்றம் வந்தது. கூடம் முழுக்க முகர்ந்து பார்த்த டாக்டரின் மூக்கு தொட்டிலுக்குள் மட்டும் நுழைந்திருக்கவில்லை.

செலினா பின்னால் வந்து நின்றாள். "அதையா..." என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவசரமாக, "நான் கழுவினேங்க. சத்தியமா புட்டியக் கழுவினேன். குழாயைக் கழட்ட வேணாம், பால் ஓடுறதே அதைச் சுத்தமாக்கிடும்னு அந்தச் சீட்டுல போட்டிருந்துச்சு" என்றாள்.

போட்டிருந்தது. அந்தச் சீட்டை ஒவ்வொரு புட்டியோடும் மடித்துக் கொடுத்தவர் சைலஸ். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டியிருக்கிறார், நிறுத்தி நிதானமாக.

மேசையின் இடப்பக்கம் புட்டிக்கு நீட்டிய கைகள், வலப்பக்கம் சாவுச் சீட்டை நீட்டிய கைகள். ஒரே கைகள். எத்தனை பேர் என்று யோசிக்கத் தொடங்கி, பயந்து நிறுத்திவிட்டார்.

கிழித்த குழாயைக் கைக்குட்டையில் சுற்றி டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே க்ரௌதரும் இருந்தார். இருவரும் மதுக்கோப்பையோடு சாக்கடைகளைப் பற்றி ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "ரப்பர்னா பாசி பிடிக்கத்தான்யா செய்யும். நான் கீறினேன், பல்லு வந்துச்சு, பிள்ளை பிழைச்சான். இதுல குழாய் எங்கேருந்து வந்துச்சு?"

க்ரௌதர் குழாயைப் பார்க்கவே இல்லை. சைலஸைப் பார்த்தார். "ஹோல்ராய்ட், டாக்டர் சொல்றதை நீர் எழுதறீர். ரொம்ப அழகா எழுதறீர். அதை மட்டும் செஞ்சா உம்ம நாற்காலி உமக்கு. என்ன?"

"சரிங்க ஐயா" என்றார் சைலஸ். கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் இடப்பக்கத்துக்கு ஒரு பெண் வந்தாள். பெயரை எழுதி முடித்ததும் புட்டிக்குக் கையை நீட்டினாள். சைலஸ் கதவைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "இது வேணாம்மா. குழாய்க்குள்ள அழுக்குச் சேருது" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். "அழுக்கா? எங்க சந்துல கஞ்சியிலயே கரி மிதக்குது ஐயா. குடுக்க மனசில்லைன்னா அதைச் சொல்லுங்க."

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அழுக்குக்குப் பயப்படும் ஊர் இல்லை இது. எதற்குப் பயப்படும் என்று சைலஸைவிட யாருக்குத் தெரியும்?

"அதில்லம்மா. இந்தக் குழாய்... பல்லை இழுத்துரும்."

சூடுபட்டதுபோல் கை பின்வாங்கியது. அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் ஓடினாள்.

உண்மை போயிருந்தால் சந்து முனையில் நின்றிருக்கும். புரளி ஆலைக்குள் நுழைந்து, நூற்பு இயந்திரச் சத்தத்தையும் மீறி வாயசைவிலேயே வரிசை வரிசையாகப் பரவி, சிண்டர் சந்தைத் தாண்டி ஊரையே சுற்றியது. குப்பை மேட்டில் நகரசபை முத்திரையும் ஆல்டர்மன் பெயரும் சில்லுச் சில்லாகக் கிடந்தன.

அதனால்தான் க்ரௌதர் நேரில் வந்தார். சைலஸின் அலுவலகத்தில், பதிவு செய்ய வருபவர்களின் பெஞ்சில், கைத்தடியைத் தொடையிடுக்கில் நட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எவனோ ஒரு முட்டாள் புரளி கிளப்பியிருக்கான். நீர் இங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் அது பொய்னு சொல்லப் போறீர். நான் கேட்டுக்கிட்டு இருக்கப் போறேன்."

கதவு திறந்தது. மார்த்தா பில்லிங். பதிய ஒன்றும் இல்லை. வயிறு இப்போது நன்றாகத் தெரிந்தது. சால்வைக்குள்ளிருந்து புட்டியை எடுத்தாள், குழாயைச் சுற்றிக் கட்டி, துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். பெஞ்சில் இருந்தவரை அவள் கவனிக்கவில்லை, அல்லது அவர் யார் என்று தெரியவில்லை. அவர் பெயரைக் கையில் வைத்திருந்தாள், ஆனால் அவளுக்குப் படிக்கத் தெரியாதே.

"ஐயா, ஆலையில ஒரே பேச்சா இருக்கு. இது பல்லை இழுக்குமாமே. நீங்க படிச்சவங்க, உங்ககிட்டயே கேட்டுரலாம்னு வந்தேன். வச்சுக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க. அடுத்ததுக்குக் குடுக்கலாமா, கூடாதா?"

"சொல்லும் ஹோல்ராய்ட்" என்றது பெஞ்சு.

சைலஸ் பேனாவைக் கீழே வைத்தார். அதன் நுனியிலிருந்து மை சிதறி, அந்த வட்டாரத்தின் மிக அழகான பக்கத்தில் விழுந்தது. நாற்காலி போனால் வீடும் போகும். செலினா, எட்வின், அந்த ஒற்றைப் பல். வாயைத் திறந்தபோது குரல் எங்கோ தொலைவிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

"கூடாதும்மா. இழுக்கும்."

கைத்தடி தரையில் ஒருமுறை இடித்தது. சைலஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இதுவரை அந்தக் கைத்தடிக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். ஆனால் பயப்பட வேண்டியது எதிரில் நின்றது.

மார்த்தா புட்டியை மேசைமேல் வைத்தாள். உடைந்துவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக, வலப்பக்கத்தில். குழாயின் கட்டை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். அவள் நெற்றி சுருங்கிக்கொண்டே வந்தது. கேள்வி வரப்போவது சைலஸுக்குத் தெரிந்தது. எழுந்து ஓடலாமா என்றுகூடத் தோன்றியது.

"அப்போ என் டாமிக்கும்..." என்றாள். "கடைசிவரைக்கும் இதத்தானே ஐயா கையில புடிச்சிருந்தான்?"

சைலஸ் ஆமென்று தலையசைத்தார்.

"நீங்கதானே குடுத்தீங்க?" என்றாள் மார்த்தா. அதில் கோபம் இல்லை. சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று கேட்கிற குரல்.